இடுப்பு, தோள், மணிக்கட்டு: வேலையால் வந்த வலியும் வேலைக்குத் திரும்புவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் கம்பெனி டெய்லர், சிமெண்ட் மூட்டை இறக்கும் லோடுமேன், கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள், பஸ் டிரைவர், ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பெண்கள். இவர்களுக்கு மாத்திரை, ஊசி, பிசியோதெரபி எல்லாம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. அதற்கு அப்புறம் வரும் கேள்விக்குத்தான் பதில் சொல்ல ஆள் இல்லை: இனி நான் என்ன வேலை செய்வது, எப்போதிலிருந்து, எவ்வளவு? திருப்பூர்ப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தொழில்சார் மறுவாழ்வு என்றால் என்ன? பிசியோதெரபியைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

பிசியோதெரபி அதில் ஒரு பகுதி. தோளை 90 டிகிரி தூக்க முடியாதவரை 150 டிகிரி தூக்க வைப்பது சிகிச்சை. அந்தத் தோளோடு அவர் மறுபடியும் அயர்ன் டேபிளில் எட்டு மணி நேரம் நிற்க முடியுமா, நிற்க முடியாவிட்டால் டேபிளில் எதை மாற்ற வேண்டும், அதுவும் ஆகாது என்றால் அதே கம்பெனியில் எந்த வேலை செய்யலாம், கம்பெனியே ஆகாது என்றால் வேறு எந்தத் தொழிலைக் கற்கலாம் – இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பதில் தேடுவதுதான் தொழில்சார் மறுவாழ்வு.

வரிசை முக்கியம். முதலில் அதே வேலை, அதே இடம், கொஞ்சம் மாற்றத்தோடு. அடுத்து அதே இடத்தில் வேறு வேலை. கடைசியாகத்தான் புதுத் தொழில். நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. வலி வந்தவுடன் "இந்த வேலையே வேண்டாம், ஒரு பெட்டிக்கடை வை" என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிடுகிறார்கள். இருபது வருடக் கைத்திறன் ஒரே நாளில் வீணாகிறது.

என் வலி வேலையால்தான் வந்தது என்று எப்படித் தெரியும்?

ஒரே காரணத்தால் வருவது அரிது. ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, அதிக விசை கொடுப்பது, குனிந்தோ திருகியோ கையைத் தூக்கியோ ஒரே நிலையில் இருப்பது, அதிர்வு – இந்த நான்கும் எந்த உறுப்பில் விழுகின்றனவோ அந்த உறுப்பில் வலி வரும். கட்டர் பிடிக்கும் கைக்கு மணிக்கட்டு, மூட்டை தூக்குபவருக்கு இடுப்பு, கழுத்தை நீட்டியே தைப்பவருக்குக் கழுத்தும் தோள்பட்டையும், தரையில் மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டுபவருக்கு முழங்கால். லீவு நாளில் குறைந்து, வேலை நாளில், அதுவும் மாலையில் கூடும் வலி என்றால் சந்தேகம் வலுக்கிறது. நாள்பட்டுவிட்டால் இந்த வித்தியாசம் மங்கிவிடும், ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கும். அதனால் ஆரம்பத்திலேயே கவனித்து எழுதி வைப்பது நல்லது.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அழுத்தமாக இருக்கலாம். டெய்லர்கள் இதைச் "சத்து குறைவு" என்று நினைத்து மாதக்கணக்கில் டானிக் குடிக்கிறார்கள். அந்த மாதங்கள் வீண். கட்டைவிரல் அடிச்சதை மெலியும் முன்பே காட்டிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. "ஜவ்வு விலகிடுச்சு, இனி பாரமே தூக்கக் கூடாது" என்கிறார்கள். என் வேலையே பாரம் தூக்குவதுதானே?

இந்த ஒரு ரிப்போர்ட்டால் வேலையை விட்டவர்கள் எத்தனையோ பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 80 வயதுக்காரர்களில் 84 சதவீதம். டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். தலைமுடி நரைப்பது மாதிரி, பெரும்பாலும் வயதோடு வருவது. ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இருப்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவு கட்ட முடியாது. உங்கள் வலி, கால் பலம், உணர்ச்சி, அனிச்சை அசைவு எல்லாம் ரிப்போர்ட்டோடு பொருந்துகிறதா என்று மருத்துவர் கைவைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பொருந்தினாலும், "இனி எப்போதும் கூடாது" என்று பொருள் இல்லை. டிஸ்க் பிதுக்கத்தால் வரும் கால் வலி பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில், மாதங்களில் குறைகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு பாரம், எந்த உயரத்திலிருந்து, நாளைக்கு எத்தனை முறை என்றுதான் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு. அமெரிக்காவின் நியாஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பாரம் தூக்குவதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது பொருள் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே, திருகாமல், நல்ல பிடியோடு இருந்தால் அது அனுமதிப்பது 23 கிலோ. தரையிலிருந்து எடுத்தாலோ திருகினாலோ அதுவும் குறையும். நம் ஊர் சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆக, லோடுமேனுக்கு வலி வந்தது அவர் இடுப்பு பலவீனமாக இருந்ததால் அல்ல. பாரம் எவர் இடுப்புக்கும் அதிகம். "உன் உடம்பு சரியில்லை" என்று ஒரு ஆளிடம் சொல்லும் முன், தள்ளுவண்டி இருக்கிறதா, லாரித் தட்டின் உயரத்தில் மேடை இருக்கிறதா, இருவர் சேர்ந்து தூக்குகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வலி முழுசாகப் போன பிறகு வேலைக்குப் போவதுதானே பாதுகாப்பு?

கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இடுப்பு வலியில் இது பெரும்பாலும் எதிராகவே வேலை செய்கிறது.

ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளியானது. திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு குழு இரண்டு நாள் படுத்து ஓய்வெடுத்தது, ஒரு குழு முதுகுப் பயிற்சி செய்தது, மூன்றாவது குழு வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டத்தைத் தொடர்ந்தது. சீக்கிரம் தேறியது மூன்றாவது குழு.

அடுத்தது கனடாவின் கியூபெக்கில் நடந்தது. ஷெர்புரூக் மாதிரி என்று சொல்வார்கள். பாட்ரிக் லுவாசெல் என்ற மருத்துவர் குழுவினர் 1997-இல் வெளியிட்டார்கள். இடுப்பு வலியால் நான்கு வாரத்துக்கு மேல் வேலைக்கு வராத தொழிலாளர்கள். சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். சிலருக்குச் சிகிச்சையோடு, ஒரு நிபுணர் தொழிற்சாலைக்கே போய், தொழிலாளியையும் சூப்பர்வைசரையும் உட்கார வைத்து, வேலையில் எது இடிக்கிறது என்று பார்த்து மாற்றினார். படிப்படியாக வேலைக்குத் திரும்ப ஏற்பாடும் செய்தார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தவர்கள் தங்கள் பழைய வேலைக்கு 2.4 மடங்கு வேகமாகத் திரும்பினார்கள். பலனில் பெரிய பங்கு ஆஸ்பத்திரியில் நடந்ததற்கு இல்லை, வேலையிடத்தில் நடந்ததற்கு.

வீட்டில் உட்கார உட்காரத் தசை தளர்கிறது, பயம் வளர்கிறது, கடன் ஏறுகிறது, கம்பெனியில் உங்கள் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுகிறார். ஆறு வாரத்தில் எளிதாக இருந்திருக்கும் திரும்புதல் ஆறு மாதத்தில் மலையாகிவிடுகிறது. வேலை செய்யும்போது வலி லேசாகக் கூடி, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் பரவாயில்லை, தொடரலாம். காலையிலும் கூடியே இருந்தால் முந்தின நாள் செய்தது அதிகம். ஒரு படி இறங்க வேண்டும். நிறுத்த வேண்டியதில்லை.

எந்த வலிக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, இரு தொடைகளுக்கும் இடையில் உள்ள பகுதி மரத்துப்போவது, காலோ பாதமோ பலமிழந்து தொங்குவது, காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, உயரத்திலிருந்து விழுந்த பின் வலி. இவற்றில் எது இருந்தாலும் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

டாக்டர் "ரெஸ்ட் எடு" என்று மட்டும் எழுதித் தருகிறார். நான் என்ன கேட்க வேண்டும்?

உங்கள் வேலையை அவர் பார்த்ததில்லை. "கம்பெனியில் வேலை" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. போகும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருகிறேன், நிற்கிறேன், அதிகபட்சம் எத்தனை கிலோ தூக்குகிறேன், எத்தனை முறை, கை தோளுக்கு மேல் போகிறதா, எந்தக் காலால் பெடல் மிதிக்கிறேன், ஓவர்டைம் எவ்வளவு. வேலை செய்யும்போது பக்கத்திலிருப்பவரைப் பக்கவாட்டில் நின்று அரை நிமிட வீடியோ எடுக்கச் சொல்லிக் காட்டினால் இன்னும் நல்லது. பல சமயம் ஸ்கேனைவிட அந்த வீடியோ எனக்கு அதிகம் சொல்லியிருக்கிறது.

அப்புறம், முடியாததை மட்டும் எழுதாமல் முடிவதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "நான்கு வாரத்துக்கு 10 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், மற்ற வேலைகள் செய்யலாம்" என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் பேச முடியும். "ஓய்வு தேவை" என்ற சீட்டை வைத்துக்கொண்டு வீட்டுக்குத்தான் போக முடியும்.

"லைட் டூட்டியெல்லாம் இங்கே கிடையாது" என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அப்புறம்?

லைட் டூட்டி என்று கேட்டால் முதலாளிக்குச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பது என்றுதான் கேட்கும். அதனால் அப்படிக் கேட்காமல், குறிப்பிட்ட மாற்றத்தை, குறிப்பிட்ட காலத்துக்குக் கேளுங்கள்.

ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கழுத்திலும் வலது தோள்பட்டையிலும் வலி. முதுகு சாயாத ஸ்டூலுக்குப் பதில் உயரம் மாற்றக்கூடிய, சாய்மானம் உள்ள நாற்காலி. முழங்கை மேசை மட்டத்தில் இருக்கும்படி உயரம். பீஸ் கட்டு தரையில் இல்லாமல் இடது பக்கம் மேசை உயரத்தில். தைத்ததைத் திரும்பிப் போடாமல் முன்னால் சரிவாக விழும்படி ஒரு பலகை. ஊசிமுனையில் வெளிச்சம் போதாததால்தான் பலர் கழுத்தை நீட்டுகிறார்கள்; ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு அதைச் சரிசெய்துவிடும். செலவு என்று பார்த்தால் நாற்காலிதான் பெரிது. அடுத்து வேலை மாற்றி மாற்றி: முற்பகல் ஓவர்லாக், பிற்பகல் செக்கிங் அல்லது பேக்கிங். ஓவர்டைம் ஒரு மாதத்துக்கு இல்லை. முதல் வாரம் பாதி நேரம், இரண்டாம் வாரம் முக்கால், நான்காவது வாரத்தில் முழு ஷிப்ட். இதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால், "எப்போதுதான் ஒழுங்காக வேலைக்கு வருவாய்" என்ற பேச்சு வராது.

எப்போதும் தொழிலாளியையே மாற்றச் சொல்லும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கருவியை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குத் தெலங்கானாவில் ஓர் அருமையான உதாரணம் உண்டு. போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலை ஆணிகளில் சுற்றும் 'ஆசு' என்ற வேலையில், ஒரு சேலைக்குக் கையை ஏறக்குறைய 9000 முறை முன்னும் பின்னும் வீச வேண்டும். தாயார் லட்சுமி தோள்வலியில் துடிப்பதைப் பார்த்து வளர்ந்த சிந்தகிண்டி மல்லேசம், 1999-இல் அந்த வேலையைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். தாயின் பெயரையே அதற்கு வைத்தார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்திருந்தால் அந்த வேலை இன்னும் எத்தனை தோள்களை வாங்கியிருக்கும்!

நான் பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி). மெதுவாகத் தைத்தால் சம்பளமே இல்லையே?

உண்மை, இதுதான் எங்கள் பகுதியில் மிகப் பெரிய தடை. பீஸ் ரேட்டில் ஓய்வு எடுத்தாலும் நஷ்டம், மெதுவாகச் செய்தாலும் நஷ்டம் என்பதால் உடம்பு சொல்வதைக் கேட்க வழியே இல்லை. திரும்பும் அந்த நான்கு, ஆறு வாரத்துக்கு மட்டும் பீஸ் ரேட்டிலிருந்து ஷிப்ட் சம்பளத்துக்கு மாற்றிக்கொள்ளக் கேளுங்கள். தேர்ந்த டெய்லரை இழந்து புது ஆளைப் பழக்குவதைவிட இது மலிவு என்பதை ஒப்புக்கொண்ட முதலாளிகள் உண்டு. ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. அப்போது குறைந்தது, முதல் அரை மணி நேரத்தைச் சுலபமான பீஸுக்கு வைத்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நில்லுங்கள்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு இருக்கிறது. வலியால் வேலைக்குப் போகாத நாளுக்குப் பணம் கிடைக்குமா?

மூன்று வழிகள் உண்டு. தொழிலாளர்களுக்கு இவை சரியாகத் தெரிவதில்லை.

முதலாவது, சாதாரண நோய்க்காலப் பணம். சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரை. இதற்குக் குறிப்பிட்ட ஆறு மாதத்தில் 78 நாளாவது உங்கள் பேரில் பணம் கட்டியிருக்க வேண்டும். வேலையால் வந்ததா இல்லையா என்ற கேள்வியே இங்கே இல்லை.

இரண்டாவது, நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணம். குறிப்பிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. முதுகெலும்பு டிஸ்க் பிதுங்குவது அந்தப் பட்டியலில் இருக்கிறது. இது தெரியாமல் 91 நாள் முடிந்ததும் வலியோடு மூட்டை தூக்கப் போகிறார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், அதில் 156 நாள் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். கிளை அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கானது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலம் முழுவதும் 90 சதவீதம். இத்தனை நாள் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. நிரந்தரக் குறைபாடு மிஞ்சினால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவ வாரியம் சதவீதமாகச் சொல்லும். அதற்கேற்ப மாதாமாதம் ஆயுள் முழுவதும் பணம் வரும்.

இதில் ஒன்றைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும்: நீங்கள் மறுபடியும் வேலைக்குப் போனாலும் அந்த நிரந்தர ஊனப் பணம் நிற்காது. "வேலைக்குப் போனால் பென்ஷன் போய்விடும்" என்று பயந்து வீட்டிலேயே இருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை. வாரியம் கொடுத்த சதவீதம் குறைவு என்று தோன்றினால் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம்.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து இ.எஸ்.ஐ. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் கீழ் வருகிறது. யாராவது "பழைய சட்டமே போயிடுச்சு" என்று கையை விரித்தால் ஏமாற வேண்டாம்.

மெதுவாக வந்த வலியை "வேலையில் ஏற்பட்ட காயம்" என்று ஏற்பார்களா?

கஷ்டம். சட்டம் இரண்டைத்தான் ஏற்கிறது: ஒன்று விபத்து, இன்னொன்று பட்டியலில் உள்ள தொழில்நோய். ஈயம், பாதரசம், பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய், இரைச்சலால் காது மந்தமாவது எல்லாம் இந்தியப் பட்டியலில் உண்டு. டெய்லரின் கழுத்துவலியும் மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய பட்டியலிலோ மணிக்கட்டு நரம்பு அழுத்தம், முழங்கை, முழங்கால், தசைநாண் அழற்சிகள் எனத் தசை எலும்பு நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நம் பட்டியலும் அங்கே போய்ச் சேர வேண்டும். தொழிற்சங்கங்கள் போனஸுக்குக் கொடுக்கும் குரலில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று. மூட்டை தூக்கும்போது "சுருக்" என்று பிடித்தது, மெஷின் நகர்த்தும்போது தோள் இழுத்தது என்று ஒரு குறிப்பிட்ட சம்பவம் இருந்தால், அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். நேரம், இடம், பார்த்தவர் பெயர் மூன்றும் இருக்கட்டும். டிஸ்பென்சரியிலும் முதல் நாளே அதையே சொல்லுங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் "வீட்டில் பிடித்ததாக இருக்கும்" என்பார்கள்.

இ.எஸ்.ஐ.யே தொழில்சார் மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கிறதாமே?

ஆமாம், ஒரு திட்டம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 123 ரூபாய், அல்லது பயிற்சி நிலையம் வசூலிக்கும் தொகை, இதில் எது அதிகமோ அது. ஆனால் நிபந்தனைகள்: வேலையில் ஏற்பட்ட காயத்தால் வந்த ஊனமாக இருக்க வேண்டும், 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வயது 45-ஐத் தாண்டக் கூடாது.

கையோ காலோ இழந்தவருக்கு இது பொருந்தும். இடுப்பு தேய்ந்த 48 வயது லோடுமேனுக்கு? அவர் காயம் விபத்தாகப் பதிவாகியிருக்காது, சதவீதம் 40-ஐத் தொடாது, வயதும் தாண்டிவிட்டது. மூன்று கதவும் மூடியிருக்கின்றன. தசை, எலும்பு வலிக்காரர்கள் பெரும்பாலும் இந்த நடுவில்தான் நிற்கிறார்கள்: வேலை செய்ய முடியாத அளவுக்கு வலி, சான்று வாங்க முடியாத அளவுக்குக் "குறைவான" ஊனம். திட்டத்தைத் தளர்த்த வேண்டிய இடம் இதுதான்.

பயிற்சி யார் கொடுப்பார்கள்? சென்னையில் எங்கே போவது?

கிண்டியில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. முன்பு அதைத் தொழில்சார் மறுவாழ்வு மையம் என்றே அழைத்தார்கள். மிச்சமிருக்கும் திறனை மதிப்பிடுவது, பயிற்சி, வேலை தேட உதவி ஆகியவை அங்கே நடக்கும். கே.கே. நகரில் அரசுப் புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் மேரி வர்கீஸ் மறுவாழ்வு நிலையம் 1966-இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்; சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தவர். "என் வேலை முடிந்துவிட்டது" என்று யாராவது என்னிடம் சொல்லும்போது அவரைப் பற்றிச் சொல்வேன்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழக டிரைவர். இடுப்புப் பிரச்சினையால் ஓட்ட முடியாது என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. வேலை போய்விடுமா?

போகக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) இப்படிச் சொல்கிறது: பணியில் இருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அப்படி இடம் இல்லையென்றால், இடம் கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய 1995 சட்டத்தின் 47-ஆம் பிரிவும் இதையே சொன்னது. குணால் சிங் வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. "விருப்ப ஓய்வு" என்று நீட்டும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். மாற்றுப் பணி கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள், ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் கம்பெனியில் "உடம்பு முடியலைன்னா நின்னுக்கோ" என்கிறார்கள்.

மேலே சொன்ன பிரிவு தனியாருக்குப் பொருந்தாது. தொடர்ந்த உடல்நலக் குறைவால் வேலையை முடித்தால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது, ஆட்குறைப்பு இழப்பீடும் கிடையாது. கசப்பான விஷயம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஐந்து வருடச் சேவை வேண்டும் என்ற நிபந்தனை, உடல் செயலிழப்பால் வேலை முடிந்தால் பொருந்தாது. செயலிழப்பு என்பதற்குப் பணிக்கொடை விதி 40 சதவீதம் கேட்பதில்லை. நோய்க்கோ விபத்துக்கோ முன்பு செய்துவந்த வேலையைச் செய்ய முடியாமல் போவது என்றுதான் சொல்கிறது. நாலு வருடம் மூட்டை தூக்கி இடுப்புப் போனவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். விலகல் கடிதத்தில் மருத்துவக் காரணத்தை எழுதி, சான்றையும் இணையுங்கள்.

ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடமாக நின்றே வேலை. முழங்கால், குதிகால், இடுப்பு மூன்றும் வலிக்கிறது.

உட்காருவது உங்கள் உரிமை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் சேர்த்த 22-ஏ பிரிவு, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் இல்லாதபோது உட்கார்ந்தாலே நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் கால் தப்பும். ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் கடைகள் இருக்கின்றன. தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

கட்டட வேலை. இ.எஸ்.ஐ. கிடையாது. எனக்கு என்ன இருக்கிறது?

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து, புதுப்பித்து வைத்திருங்கள். புதுப்பிக்காததாலேயே உதவி மறுக்கப்பட்டவர்கள் அதிகம். நடமாட முடியாத நிலை என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார்.

சித்தாள் வேலையில் கழுத்தும் முட்டியும் தேய்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கம்பி கட்டவும், டைல்ஸ் இடைவெளி நிரப்பவும், பெயிண்ட் அடிக்கவும் கற்றுக்கொடுத்தால் கூலியும் கூடும், தலைச்சுமையும் இறங்கும். பல மேஸ்திரிகள் "பொம்பளைக்கு இதெல்லாம் வராது" என்பார்கள். வரும். நான் பார்த்திருக்கிறேன்.

இடுப்பு பெல்ட் போட்டுக்கொண்டு வேலை செய்யலாமா?

பெல்ட் போட்டால் வலி வராமல் தடுக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வலி அதிகமான சில நாட்களுக்கு ஆறுதலாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பெல்ட் இருக்கிறதே என்ற தைரியத்தில் கூடுதல் மூட்டை தூக்குவதுதான் ஆபத்து.

கம்பெனியில் வேலையைக் குறைத்துவிட்டார்கள். இருந்தும் வலி குறையவில்லையே?

பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: வீட்டில் தண்ணீர் யார் தூக்குகிறார்கள்? ஷிப்ட் முடிந்து வந்து ஆறு குடம் தண்ணீர், துணி, சமையல், குழந்தை. மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டுச் சப்பாத்தி மாவு பிசைய விட்டால் எப்படிக் குணமாகும்? மறுவாழ்வுத் திட்டம் எழுதும்போது கணவரையோ மகனையோ பக்கத்தில் உட்கார வைத்துத்தான் எழுதுவேன். குடம் தூக்குவது, துணி பிழிவது இரண்டையும் ஆறு வாரத்துக்கு அவர்கள் பேரில் எழுதிவிடுவேன்.

45 வயதுக்கு மேல் தொழில் மாற வேண்டியே வந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஏற்கனவே கையில் இருக்கும் அறிவுக்குப் பக்கத்துத் தொழிலை. கொத்தனாருக்கு அளவெடுக்கத் தெரியும், பொருள் கணக்குத் தெரியும், தவறு எங்கே என்று கண்ணாலேயே தெரியும். சைட் சூப்பர்வைசர், ஸ்டோர் கீப்பர் வேலைக்கு அது போதும், கொஞ்சம் எழுத்து வேலையும் செல்போனில் கணக்கு வைப்பதும் கற்றால் போதும். டெய்லருக்குத் தரம் பார்ப்பது, புதியவர்களைப் பழக்குவது. லோடுமேனுக்கு குடோன் பொறுப்பு. வாட்ச்மேன் வேலைதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும்; ஆனால் பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவது இடுப்பு வலிக்காரருக்கு நல்லதில்லை. ஆட்டோ ஓட்டுவதும் அதிர்வால் அப்படியே. கடன் வாங்கித் தொழில் தொடங்கும் முன், அந்த வேலையை ஒரு வாரம் யாரிடமாவது சும்மா செய்து பாருங்கள். உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

நான் கம்பெனி நடத்துகிறேன். எனக்கு இதில் என்ன வேலை?

ஆள் லீவில் போன இரண்டாவது வாரத்தில் ஒரு போன். "எப்போ வர்றே" என்று கேட்காமல், "என்ன மாற்றினால் வர முடியும்" என்று கேளுங்கள். இந்த ஒரு விசாரிப்பு எத்தனையோ பேரைத் திரும்ப வரவைத்திருக்கிறது. திரும்பி வருபவருக்கு யாராவது ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள்.

மலேசியாவில் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு அமைப்பு 2007-இலிருந்து 'வேலைக்குத் திரும்புதல்' திட்டம் நடத்துகிறது. காயம்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளர். அவர் டாக்டர், முதலாளி, தொழிலாளி மூவரிடமும் பேசுகிறார். மலாக்காவில் 2014-இல் பெரிய மறுவாழ்வு மையமும் திறந்தார்கள். அங்குள்ள தமிழ்த் தொழிலாளர்களும் அதில் பயன்பெறுகிறார்கள். இங்கே அந்தப் பொறுப்பாளர் வரும் வரை, உங்கள் எச்.ஆர். அல்லது மூத்த சூப்பர்வைசர் ஒருவர் அந்த வேலையைச் செய்யலாம். முதலில் அவரை மெஷின் பக்கம் ஒரு மணி நேரம் உட்கார வைத்து, கைகள் எங்கே போகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள்.